'சிக்' என்றால் நோயா, வாந்தியா, பாராட்டா? அகராதியில் கண்டுபிடிக்கும் வழி

'சிக்' என்றால் உடம்பு சரியில்லை என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் ஸ்கேட்போர்டில் பாய்ந்து காட்டிய நண்பனைப் பார்த்து 'தட் வாஸ் சிக்' என்று ஓர் அமெரிக்க இளைஞன் கத்தினால், அது மனம் நிறைந்த பாராட்டு. இங்கிலாந்தில் ஒரு குழந்தை 'ஐ ஃபீல் சிக்' என்றால் அம்மா வாளியைத் தேடி ஓடுவாள். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க நான் கையாளும் வழியைச் சொல்கிறேன். மற்ற ஆங்கிலச் சொற்களுக்கும் இதே வழிதான்.

படி 1: சொல்லை மட்டும் தனியே எடுக்காதீர்கள். முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் எந்த ஊர்க்காரர், என்ன வயது, யாரிடம் சொன்னார் என்பதையும் தெரிந்தவரை குறித்துவையுங்கள்.

படி 2: ஆங்கிலம் கற்போருக்கான அகராதியைத் திறங்கள். ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதிதான் என் முதல் தேர்வு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் வெளியான அகராதியின் வழியில் வந்தது அது. நம்மைப் போல ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. அதன் விளக்கமும் கடினமாக இருந்தால் லாங்மன் அகராதிக்குப் போங்கள். ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார்கள். பல தொகுதிகள் கொண்ட பெரிய ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் தொடங்க வேண்டாம். அது பொருள்களைக் கால வரிசையில் அடுக்குவதால், முதலில் நிற்பது மிகப் பழைய பொருளாக இருக்கும்.

படி 3: சாய்வெழுத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். பலரும் தாண்டிப் போவது இதைத்தான். என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்ததும் இதுதான். உடன் வேலை பார்க்கும் லண்டன்காரர் ஒருவர், 'ஐ வாஸ் சிக் ட்வைஸ் லாஸ்ட் நைட்' என்று எழுதியிருந்தார். ஒரே இரவில் ஒருவர் இரண்டு முறை எப்படி நோயில் விழுவார்? அகராதியில் 'பி சிக்' என்ற தொடருக்குப் பக்கத்தில் 'பிரிட்டிஷ்' என்ற குறிப்பு இருந்தது. பிரிட்டனில் அதற்கு வாந்தி எடுப்பது என்று பொருள். 'ட்வைஸ்' என்ற சொல்லே துப்புக் கொடுத்திருக்கிறது: வாந்தியை எண்ணலாம், நோயுற்ற நிலையை அப்படி எண்ண முடியாது. இதையே ஓர் அமெரிக்கர் 'த்ரூ அப்' என்று சொல்லியிருப்பார். 'ஸ்லாங்' (கொச்சை வழக்கு), 'இன்ஃபார்மல்' (சகஜமான பேச்சு வழக்கு), 'பிரிட்டிஷ்' என்ற குறிப்புகளைப் பார்க்காமல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பாதி அகராதியைத்தான் படித்திருக்கிறீர்கள்.

கூடவே வரும் சொல்லையும் பாருங்கள். 'சிக் ஆஃப்' என்றால் சலித்துப்போதல். 'கால் இன் சிக்' என்றால் உடம்பு சரியில்லை, வேலைக்கு வரவில்லை என்று தகவல் சொல்வது.

படி 4: ஸ்லாங் அகராதி. ஜோனதன் கிரீன் தொகுத்து 2010-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ஸ்லாங் அகராதி இப்போது இணையத்திலும் கிடைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு மேற்கோள் இருப்பதால் நான் அதைத்தான் நம்புகிறேன். 1999-இல் ஆரன் பெக்கம் தொடங்கிய அர்பன் டிக்‌ஷனரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நேற்று முளைத்த சொல்லைப் பிடிக்க அதைவிட்டால் வழி குறைவு; ஆனால் ஆபாசமும் கற்பனையும் கலந்திருக்கும். ஒரே பொருளைப் பலர் தனித்தனியாக எழுதியிருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எதை அல்லது யாரை 'சிக்' என்கிறார்கள் என்று பாருங்கள். நாய், பாட்டி, குழந்தை என்றால் நோய் அல்லது குமட்டல். பைக், ஷூ, கிதார் வாசிப்பு என்றால் பெரும்பாலும் பாராட்டு. ஜோக் என்றால், சாவையும் ஊனத்தையும் கேலி செய்யும் வக்கிரமான ஜோக்.

பிற்சேர்க்கை: 'தட்ஸ் சிக்' என்று தனியாக வந்தால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அருவருப்பு, பாராட்டு இரண்டுக்கும் இடம் உண்டு. முந்தைய வாக்கியம் இல்லாமல் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர், 'சிக் யூனிட்' என்ற தொடர் என் ஐந்தாம் படியில் அடங்கவில்லை என்று எழுதினார். சரியான கேள்வி. ஆலை, நிறுவனம் என்று வந்தால் நம் நாட்டில் அது சட்டச் சொல். தொடர் நட்டத்தில் மூழ்கிய நிறுவனங்களுக்காக 1985-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'சிக்' இருந்தது. 2016-இல் அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தது. தமிழில் 'நலிவடைந்த தொழில்' என்று எழுதுங்கள்.