டான்டன் வகைப் போர்க்கப்பல் மாடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசை காய்வதற்குள் அடுத்த பாகத்தை ஒட்டுவது, பெயிண்டைத் திட்டுத் திட்டாக அடிப்பது எல்லாம் இங்கே வராது. கை பழகினால் அவை தானாகச் சரியாகிவிடும். படத்தைச் சரியாகப் பார்க்காததால் வரும் தவறுகள் அப்படி இல்லை.

ஆறையும் ஒரே கப்பலாக நினைப்பது

டான்டன், மிராபோ, வோல்தேர், திதெரோ, கொந்தோர்சே, வெர்னியோ. ஆறும் 1911-ல் கட்டி முடிக்கப்பட்ட பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள், ஒரே வடிவமைப்பு. அதனால் இணையத்தில் எந்தப் படம் கிடைத்தாலும் போதும் என்று இறங்கிவிடுகிறார்கள். இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

போன வருடம் ஒரு தம்பி 1/350 அளவில் டான்டன் செய்து கொண்டுவந்தார். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் நீளம், மயிரிழை மாதிரிக் கம்பிகள், அருமையான கைவேலை. ஆனால் பின்கம்பம் குட்டையாக இருந்தது. "இது எந்த வருஷத்து டான்டன் தம்பி?" என்றேன். "1918 அண்ணா" என்றார்.

டான்டன் 1917 மார்ச் 19-லேயே மூழ்கிவிட்டது. சார்தீனியாவுக்குத் தென்மேற்கே யு-64 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை டார்பிடோவால் அடித்தது; 296 பேர் இறந்தார்கள். கயிற்றில் கட்டிய பலூனைப் பறக்கவிட வசதியாகப் பின்கம்பத்தைக் குட்டையாக்கியது 1918-ல், மிஞ்சியிருந்த கப்பல்களில். தம்பி பார்த்துச் செய்தது வோல்தேரின் படம்! கம்பத்தை மாற்ற வேண்டுமென்றால் அதில் கட்டிய கம்பிகள் எல்லாவற்றையும் அறுக்க வேண்டும். பாதி வேலை போச்சு. நான் சொன்ன யோசனை: கம்பத்தைத் தொடாதே, பெயர்ப்பலகையை மாற்று. வோல்தேரும் லேசுப்பட்ட கப்பல் இல்லை. 1918 அக்டோபரில் இரண்டு டார்பிடோ வாங்கியும் மூழ்கவில்லை. தம்பிக்கு மனசு வரவில்லை, கம்பியை அறுத்தார்.

முதலில் கப்பலையும் வருடத்தையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். படத்தில் தேதி இல்லையென்றால் நம்பாதீர்கள். பீரங்கிக் கோபுரத்தின் கூரையில் விமான எதிர்ப்புப் பீரங்கி தெரிந்தால் அது போர்க்காலப் படம்; 1911 மாடலுக்கு உதவாது.

புகைபோக்கிகளைச் சம இடைவெளியில் நடுவது

ஐந்து. முன்னால் மூன்று, நடுவில் இடைவெளி, பின்னால் இரண்டு.

ட்ரெட்நாட் என்று எழுதுவது

வேண்டாம். ட்ரெட்நாட் என்பது வேறு வகைப் போர்க்கப்பல்; அதில் பெரிய பீரங்கிகள் எல்லாம் ஒரே அளவு. இதில் 305 மில்லிமீட்டர் நான்கு, 240 மில்லிமீட்டர் பன்னிரண்டு. இரண்டிரண்டு பீரங்கியோடு பக்கத்துக்கு மூன்றாக நிற்கும் அந்த 240 கோபுரங்கள்தான் இந்த வகையின் முகமே. அவற்றை முன்னும் பின்னும் நிற்கும் 305 கோபுரங்களின் அளவுக்குப் பெருக்கிவிடுகிறவர்களும் உண்டு. பிரான்சின் முதல் ட்ரெட்நாட் வகை அடுத்து வந்த கூர்பே.

புரொப்பெல்லர்

நான்கு. மூன்று வைத்தது இதற்கு முந்தைய லிபெர்தே வகையில். இதில் நான்கையும் சுழற்றுவது நீராவி டர்பைன் எஞ்சின்.