மலை கரைந்தால் கடலோரம் எவ்வளவு நிரம்பும்? ஒரு சின்னக் கணக்கு

கடலோரப் படிவுப் படுகைகளை, அதாவது ஆறு கொண்டுவரும் வண்டல் படியும் பள்ளங்களை, பற்றிப் படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். எனக்கு முதல் தடவை வந்த விடை, வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான்.

இதையெல்லாம் கணித்துக் காட்டவென்றே மென்பொருள்கள் உண்டு. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். தப்பான எண்ணைக் கொடுத்தாலும் அழகான படம் வரைந்து கொடுத்துவிடும். எக்செல் போதும்.

படி 1: வரவு, அதாவது ஆறு அரித்துக் கொண்டுவருவது. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பு 50,000 சதுர கி.மீ., அரிப்பு ஆண்டுக்கு 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் ஆண்டில் அது 0.1 கி.மீ. பெருக்கினால் 5,000 கன கி.மீ. பாறை.

படி 2: பாறையை வண்டலாக்குவது. நான் சறுக்கியது இங்கேதான். புதிதாகப் படிந்த வண்டலில் ஏறக்குறைய 40% வெறும் இடைவெளி, அதில் தண்ணீர் நிற்கும். உடனே 5,000-ஐ 0.6-ஆல் பெருக்கி 3,000 என்று எழுதிவிட்டேன். மீதிப் பாறை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அதே துகள்கள்தான், இடைவெளியும் சேர்ந்து அதிக இடத்தை அடைக்கின்றன. ஆகவே வகுக்க வேண்டும்: 5,000 ÷ 0.6 = 8,333 கன கி.மீ.

அப்புறம் இன்னொரு சிக்கல். மேலே சுமை ஏற ஏறத் தண்ணீர் பிதுங்கி வெளியேறும். கடலடியில் 63% இடைவெளியோடு கிடக்கும் சேறு, 3 கி.மீ. ஆழத்தில் சுமார் 14 சதவீதத்துக்கு இறுகிவிடும். ஆழ்துளையில் அளந்த தடிமனிலிருந்து பழைய அரிப்பைக் கணக்கிடுவதானால், அந்தந்த ஆழத்து இடைவெளியை முதலில் கழித்துவிடுங்கள்.

படி 3: இடம். படுகை 10,000 சதுர கி.மீ.; பத்து லட்சம் ஆண்டில் 200 மீட்டர் அமிழ்கிறது. கிடைக்கும் இடம் 2,000 கன கி.மீ.தான், வரவோ 8,333. மிஞ்சியது கடல் பக்கம் தள்ளும், கரை முன்னேறும். வண்டலின் எடையே தரையை இன்னும் அமுக்கும் என்பதையும் சேருங்கள். தரை அந்த எடைக்கு ஏற்ப முழுதாக அமிழ்ந்து கொடுப்பதாகக் கொண்டால், 100 மீட்டர் ஆழக் கடலை நிரப்பச் சுமார் 175 மீட்டர் வண்டல் வேண்டும்.

வரவைச் சுழியமாக்கியும் பாருங்கள். நைல் ஆற்றில் அதுதான் ஏறத்தாழ நடந்தது. 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகு வண்டல் அணைக்குப் பின்னால் உள்ள நாசர் ஏரியிலேயே தங்கிவிட்டது. நைல் கடலில் கலக்கும் இடத்திலுள்ள ரோசெட்டா முனையைக் கடல் அரித்துத் தள்ளியது.

பின்சேர்க்கை: "என் கணக்கில் வரவு மிக அதிகமாக வருகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் எடுத்த பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அது பெரும்பாலும் நீரில் கரைந்தே கடலுக்குப் போய்விடும், மணலாகவோ சேறாகவோ வந்து சேராது. சரி, அந்தப் பரப்பைப் படி 1-இலேயே கழித்துவிடுங்கள்.