குழாய்ச் சுவருக்கு எந்த வெப்ப நிபந்தனை?

குழாயில் ஓடும் நீருக்கு ஏறும் வெப்பத்தைக் கணக்கிட உட்காருபவர், சமன்பாட்டைத் தேடுவதற்கு முன் குழாயின் வெளிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மாறாமல் இருப்பது வெப்பநிலையா, செலுத்தப்படும் வெப்பத்தின் அளவா என்பதைப் பொறுத்தே எல்லை நிபந்தனை, அதாவது கணக்கில் குழாய்ச் சுவருக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டிய விவரம், அமையும்.

மதுரையில் சுங்குடிச் சேலைக்குச் சாயமேற்றும் பட்டறை ஒன்றில், 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்குள் நிமிடத்துக்கு 6 லிட்டர் நீர் 30 டிகிரி செல்சியஸில் நுழைகிறது என்று கொள்வோம். குழாயின் 3 மீட்டர் நீளத்துக்கு 3 கிலோவாட் மின்சூடேற்றிப் பட்டையைச் சீராகச் சுற்றி, வெளியே நன்றாகப் பொதிந்துவிட்டால், அது சீரான வெப்பப் பாய நிபந்தனை; வெப்பப் பாயம் என்பது சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு நொடியில் செல்லும் வெப்பம். நீரின் சராசரி வெப்பநிலை நேர்கோட்டில் ஏறி ஏறத்தாழ 37 டிகிரியில் வெளியேறும். சுவர், நுழைவாயிலை ஒட்டிய சிறு பகுதி நீங்கலாக, நீரைவிட ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகவே இருந்துகொண்டு கூடவே ஏறும். ஆகவே சுவர் மிகவும் சூடாக இருப்பது வெளிவாயில் முனையில்தான். வெப்ப உணரியை அங்கேதான் பொருத்த வேண்டும். நீரோட்டம் நின்றாலும் பட்டை வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு இல்லாமல் இதை இயக்கவே கூடாது.

அதே குழாயைச் சுற்றி உறை அமைத்து, வளிமண்டல அழுத்தத்தில் நீராவியை விட்டால், ஆவி குளிர்ந்து நீராகும்போது சுவரை 100 டிகிரிக்கு மிக அருகில் நிறுத்திவைக்கும். இது சீரான சுவர் வெப்பநிலை. முதல் 3 மீட்டரில் நீர் 65 டிகிரியை எட்டினால், வெப்பமாற்றக் கெழு (சுவருக்கும் நீருக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் செல்லும் வெப்பம்) மாறாத வரையில், அடுத்த 3 மீட்டரில் 82.5 டிகிரியைத்தான் எட்டும். எஞ்சிய வேறுபாடு ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைவதால், இங்கே மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாட்டை (இரு முனைகளிலும் உள்ள வேறுபாடுகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, அவற்றின் விகிதத்தின் இயல்மடக்கையால் வகுத்துக் கிடைப்பது) பயன்படுத்த வேண்டும்.

ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் அமைதியானதா, கலங்கலானதா என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 2300க்குக் கீழே இருந்தால் நீர் அடுக்கடுக்காக ஓடும்; இந்த வரிச்சீர் ஓட்டம் முழுமையாக வளர்ந்த பின், அதாவது நுழைவாயிலின் தாக்கம் மறைந்த பின், வட்டக் குழாயில் நியூசெல்ட் எண் (வெப்பமாற்றக் கெழுவைக் குழாய் விட்டத்தால் பெருக்கி, நீரின் வெப்பக் கடத்துதிறனால் வகுத்துக் கிடைப்பது) சீரான பாயத்துக்கு 4.36, சீரான சுவர் வெப்பநிலைக்கு 3.66. நிபந்தனையை மாற்றி எடுத்தால் வெப்பமாற்றக் கெழுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை பிழை வரும். சுழன்று கலந்து ஓடும் கொந்தளிப்பு ஓட்டத்தில் நீருக்கு இந்த வேறுபாடு மிகச் சிறியது.

மொட்டைமாடிச் சூரிய வெந்நீர்த் தகட்டுக்கு இவ்விரண்டில் எதுவும் முழுதாகப் பொருந்தாது. சித்திரை வெயில் சீராக விழுந்தாலும், தகடு சூடாகச் சூடாகக் காற்றுக்கு இழக்கும் வெப்பமும் கூடும். எனவே உறிஞ்சப்படும் வெயிலோடு, வெளிக்காற்றின் வெப்பநிலையையும் இழப்புக் கெழுவையும் (ஒரு டிகிரி வேறுபாட்டுக்குத் தகட்டின் ஒரு சதுர மீட்டர் ஒரு நொடியில் இழக்கும் வெப்பம்) சேர்த்தே நிபந்தனையாகக் கொடுக்க வேண்டும்.