துணைக் கதாபாத்திரங்களில் நம்பிக்கையின் குறியீடுகளை வாசிப்பது எப்படி: ‘இகிரு’வை முன்வைத்து

ஒரு துணைக் கதாபாத்திரத்தை நம்பிக்கையின் குறியீடு என்று சுட்டி எழுதப் புகுமுன், அது பேசும் வசனத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் கையில் என்ன பொருள் இருக்கிறது, அது எப்படி நடமாடுகிறது, படத்தை விட்டு எப்போது வெளியேறுகிறது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அகிரா குரோசவா 1952இல் இயக்கிய ‘இகிரு’ திரைப்படம் இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. அந்த ஜப்பானியச் சொல்லுக்கு ‘வாழ்தல்’ என்பது பொருள்.

கதை எளியது. நகராட்சி அலுவலகத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றி, ஒரு பிரிவின் தலைவராகக் கோப்புகளில் முத்திரை குத்தியே காலம் கழித்த கான்ஜி வதனாபே, தமக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அறிந்தபின், எஞ்சியிருக்கும் சில மாதங்களில் சாக்கடைத் தேக்கம் ஒன்றைச் சிறுவர் பூங்காவாக மாற்றுகிறார். தகாஷி ஷிமுரா ஏற்ற இந்த வேடத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நம் வேலை அவரைச் சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பது.

முதலில் டோயோ. அலுவலகச் சலிப்பு தாளாமல் வேலையை விடும் இந்த இளம்பெண், விலகல் கடிதத்துக்கு அவருடைய முத்திரை வேண்டும் என்றே அவரைத் தேடி வருகிறாள். அவளுடைய காலுறை கிழிந்திருக்கிறது. அவர் புதியது வாங்கித் தருகிறார். அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் வைத்திருக்கும் அவள், அவருக்கு வைத்திருந்த பெயர் ‘மம்மி’, அதாவது பதப்படுத்திய பிணம். ‘டோயோ உயிர்ப்பின் அடையாளம்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்வது எளிது. அப்படி எழுதினால் கட்டுரை அங்கேயே செத்துவிடும். இத்தகைய இடத்தில், உயிர்ப்பு எந்தக் கணத்தில், எதன் வழியாகக் கை மாறுகிறது என்று தேட வேண்டும்.

அந்தக் கணம் உணவகக் காட்சியில் இருக்கிறது. அவர் முன்னே சாய்ந்து, உன்னைப் போல் ஒரு நாளாவது வாழ்ந்துவிட வேண்டும் என்று மன்றாடும்போது அவள் மிரண்டு பின்வாங்குகிறாள். தான் உண்பதும் உழைப்பதும் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று சொல்லி, தொழிற்சாலையில் தான் செய்யும் பொம்மை முயலுக்குச் சாவி கொடுத்து மேசையில் விடுகிறாள். இதைச் செய்யும்போது ஜப்பானின் குழந்தைகள் எல்லோருடனும் நட்பாகிவிட்டதுபோல் இருக்கிறது என்கிறாள். முயல் தத்தித் தத்தி அவரை நோக்கி வருகிறது. தம்மாலும் ஏதோ செய்ய முடியும் என்று தோன்றிய நொடியில் அவர் அதை எடுத்துக்கொண்டு படிகளில் விரைந்து இறங்குகிறார். அதே வேளையில் வேறொரு பெண்ணின் பிறந்தநாளுக்காகக் கூடியிருந்த இளைஞர்கள் படியின் தலைப்பில் நின்று வாழ்த்துப் பாடுகிறார்கள். அவர் இறங்க, அந்தப் பெண் ஏறி வருகிறாள். பாட்டு அவளுக்கு உரியது. காட்சிச் சட்டகம் அதை அவருக்கு உரியதாக்குகிறது. இந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டும், ஒருமுறை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டும் ஆராய்ந்தால், மறுபிறப்பு என்ற பொருள் இவ்விரண்டின் மோதலில்தான் பிறக்கிறது என்பது புலப்படும்.

கவனிக்க: டோயோவுக்குத் தான் எதையும் கொடுத்தோம் என்பதே தெரியாது. அதன்பின் அவள் படத்தில் வருவதுமில்லை; அவருடைய இழவு வீட்டிலும் இல்லை. கொடுத்தவர் மறைந்தபின் கொடுத்த பொருள் என்னவாகிறது என்று கேட்பது இந்த வாசிப்பு முறையின் உயிர்நாடி.

அடுத்து, மதுக்கடையில் அறிமுகமாகும் எழுத்தாளர். அவர் காட்டும் களியாட்டம் போலியான விடுதலை என்பதைப் படமே உணர்த்திவிடுகிறது. ஆனால் அந்த இரவில் பழைய தொப்பி பறிபோய், வதனாபே புதியதொன்றை வாங்குகிறார். அவர் இறந்தபின் ஒரு காவலர் பூங்காவில் கண்டெடுத்துக் கொண்டுவருவது அந்தத் தொப்பியைத்தான். தவறான வழிகாட்டிகூட உருப்படியான ஒன்றை விட்டுச்செல்லக்கூடும். ஆகவே எதிர்மறைப் பாத்திரம் என்று யாரையும் அவசரப்பட்டுத் தள்ளிவிடக் கூடாது.

சாக்கடையைச் சரிசெய்யக் கேட்டு மனுவோடு வந்து, பிரிவு பிரிவாக அலைக்கழிக்கப்படும் குடியிருப்புப் பெண்களைத் தனித்தனி ஆட்களாகப் பார்க்காமல் ஒரு கூட்டமாகவே வாசிப்பது பொருத்தம். துணை மேயர் பூங்காவின் பெருமையைத் தமதாக்கிக்கொள்ளும் இழவு வீட்டில், அவர்கள் உள்ளே வந்து ஊதுவத்தி ஏற்றி அழுகிறார்கள். ஒருவரும் பேசவில்லை, அதிகாரிகளுக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

கடைசியாக, வதனாபேயின் பிரிவில் வேலைபார்க்கும் கிமுரா. எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. வதனாபேயைப் போலவே உழைப்போம் என்று இழவு வீட்டில் போதையில் சபதமெடுத்த சக ஊழியர்கள் அலுவலகம் திரும்பியதும் பழைய போக்கில் ஒரு மனுவை வேறு பிரிவுக்குத் தள்ளுகிறார்கள். கிமுரா மட்டும் வெடுக்கென்று எழுகிறான். புதிய தலைவரின் பார்வை அவன்மேல் விழ, மெல்ல உட்காருகிறான். கோப்புக் குவியல் அவன் முகத்தை மறைத்துவிடுகிறது. அதன்பின் அவன் பாலத்தின் மேல் நின்று, கீழே பூங்காவில் ஊஞ்சலாடும் குழந்தைகளைப் பார்க்கிறான். சூரியன் சாயும் நேரம். முன்னொரு காட்சியில் வதனாபே பாலத்தில் நின்று, முப்பது ஆண்டுகளாக அந்திவானத்தையே பார்க்கவில்லை என்று சொன்னதை இங்கே நினைவில் கொண்டுவர வேண்டும். இந்தக் காட்சியைக் ‘கிமுரா மாறிவிட்டான்’ என்று எழுதினாலும் பிழை, ‘எதுவும் மாறவில்லை’ என்று எழுதினாலும் பிழை. எழுந்ததும் உட்கார்ந்ததும் இரண்டுமே படத்தில் இருக்கின்றன. இரண்டையும் கட்டுரையில் வையுங்கள்.