முதற்படியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: தோட்டத்து இளைஞருக்கும் பெற்றோருக்கும்

பெரிய இலக்கொன்றை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளையிடம் "சிறிதாகத் தொடங்கு" என்று சொல்வது தவறில்லை. ஆனால் அந்த அறிவுரை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. எந்தச் சிறிய வேலையிலிருந்து தொடங்குவது என்பதுதான், மலையகத் தோட்டங்களில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும், பெறுபேறு வந்த பின்னர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்ட இளைஞர்களுக்கும் முன்னுள்ள உண்மையான கேள்வி. இதற்கு நான் நம்பும் அளவுகோல் ஒன்றே: ஒரு படி முடிந்ததும், அடுத்த படியில் கேட்கப்படும் ஏதோவொன்று உங்கள் கையில் மிஞ்ச வேண்டும். அது ஒரு பத்திரமாக இருக்கலாம், கைத்திறனாக இருக்கலாம், சேமித்த பணமாக இருக்கலாம், உங்கள் வேலையைக் குறித்துப் பொறுப்புடன் சாட்சி சொல்லக்கூடிய ஒரு மனிதராகவும் இருக்கலாம். எதுவும் மிஞ்சாத வேலை எவ்வளவு எளிதாக இருந்தாலும் அதை முதற்படியாகக் கொள்ள வேண்டாம்.

நம் மலைகளின் வரலாற்றிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1867இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த தோட்டத் துரை ஜேம்ஸ் டெய்லர், கண்டி மாவட்டத்திலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது இந்த மலைகளில் கோப்பிதான் செல்வாக்குடன் இருந்தது. பறித்த கொழுந்தைத் தம் பங்களாவின் வராந்தாவில் மேசைமீது வைத்துக் கையால் உருட்டிப் பக்குவப்படுத்தும் முறையை அவர் பழகிக்கொண்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பியை அழித்தபோது, தேயிலையை வளர்க்கவும் தயாரிக்கவும் தேவையான அறிவு ஏற்கெனவே இங்கே உருவாகியிருந்தது. அந்த 19 ஏக்கரின் விளைச்சலைவிட, அதிலிருந்து மிஞ்சிய அறிவே பெரிது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்கள் நம் முன்னோர் என்பதையும், அந்த வளர்ச்சியில் அவர்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லாமல் இந்த உதாரணத்தைக் கடந்து செல்வது முறையல்ல.

முதற்படியைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி, இலக்கிலிருந்து பின்னோக்கி எழுதி வருவதாகும். ஒரு கொப்பியின் பக்கத்தை எடுத்து, மேல் வரியில் இலக்கை எழுதுங்கள், அதன் கீழே, "இதைப் பெறப் போகும்போது என்னிடம் என்ன கேட்பார்கள்?" என்ற கேள்விக்கான விடையை எழுதுங்கள்; அந்த விடையைப் பெறுவதற்கு என்ன கேட்பார்கள் என்பதை அதற்கும் கீழே எழுதுங்கள். இந்த மாதத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒன்றை எட்டும்வரை இப்படியே இறங்கி வாருங்கள்.

மின்னிணைப்பு வேலையைக் கற்றுச் சொந்தமாகத் தொழில் நடத்த வேண்டும் என்பது ஒருவருடைய இலக்கு என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஒப்பந்த வேலைகளைத் தேடும்போது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைக் கேட்பார்கள். இந்தத் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது: 1 முதல் 4 வரை சான்றிதழ்கள், 5உம் 6உம் டிப்ளோமாக்கள், 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. 4ஆம் மட்டம் பெற்றவர் தம் தொழிலைத் தாமே பொறுப்பேற்றுச் செய்யக்கூடிய கைவினைஞராகக் கருதப்படுகிறார். அந்தச் சான்றிதழைப் பெறப் பயிற்சி நெறியில் சேர வேண்டும். சேர்வதற்குத் தேசிய அடையாள அட்டையும் பாடசாலை விடுகைப் பத்திரமும் வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆகவே, மின்னிணைப்புத் தொழிலை இலக்காகக் கொண்டவரின் முதற்படி, பெரும்பாலும் வீட்டுப் பெட்டியிலுள்ள பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்துப் பார்ப்பதாகவே இருக்கும்.

இதை நான் மிகவும் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம் மக்களின் பிரச்சினையில் எஞ்சியிருந்த பகுதி 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் தீர்க்கப்பட்டது. அந்த நீண்ட காலத்தின் சுவடு இன்றும் பல குடும்பங்களின் பத்திரங்களில் இருக்கிறது: தந்தையின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கும், பிள்ளையைப் பாடசாலையில் அழைக்கும் பெயர் பிறப்புச் சான்றிதழில் இருக்காது. பெயரிலோ பிறந்த திகதியிலோ வேறுபாடு கண்டால், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். பிறப்பே பதிவு செய்யப்படாதிருந்தால், காலங்கடந்த பதிவுக்கும் அங்கேயே வழி உண்டு. அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம்; பாடசாலையில் படிப்பவர் அதிபர் மூலமாகவும், மற்றவர் கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்டத் துரையின் உறுதிப்படுத்தலுடனும் விண்ணப்பிப்பது வழக்கம். தமிழில் விண்ணப்பிப்பதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு உங்களுக்குத் தரும் உரிமை. படிவம் சிங்களத்தில் மட்டும் நீட்டப்பட்டால், தமிழ்ப் படிவத்தை மரியாதையுடன் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த படி பயிற்சி நெறியைத் தேர்ந்தெடுப்பதாகும்; பணமும் காலமும் வீணாவது இந்த இடத்தில்தான் அதிகம். சில வாரங்களில் முடிந்து அழகான சான்றிதழொன்றைத் தந்துவிடும் வகுப்புகள் நகரங்களில் ஏராளம். அவற்றுள் அடுத்த மட்டத்துக்குச் செல்லும் வழியைத் திறக்காதவற்றை எத்தனை படித்தாலும் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். கட்டணம் செலுத்துவதற்கு முன், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, அந்தக் குறிப்பிட்ட நெறி தேசிய தொழில் தகைமையின் எந்த மட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றது என்ற இரு கேள்விகளையும் கேளுங்கள். விடை தெளிவாக வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை, ‘நைட்டா’ எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஆகிய அரச நிறுவனங்களை முதலில் விசாரிப்பது நல்லது. நைட்டாவின் பயிலுநர் முறையில் வேலைத்தளத்திலேயே தொழிலைக் கற்க முடியும்.

ஏற்கெனவே கொழும்பிலோ கண்டியிலோ சில ஆண்டுகளாக மின்னிணைப்பு, தச்சு, வாகனத் திருத்தம், சமையல் போன்ற வேலைகளைச் செய்து வருபவர்கள் வகுப்பில் சேர்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில், அனுபவத்துக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டித் தகைமையைப் பெறலாம். ஆதாரங்களைச் சேர்ப்பது இன்றே தொடங்கக்கூடிய வேலை: செய்த வேலைகளைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதுங்கள், வேலை நடக்கும்போதும் முடிந்த பின்னரும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், ஒரு முதலாளியிடமிருந்து விலகும்போது, எவ்வளவு காலம் என்ன வேலை செய்தீர்கள் என்பதைக் குறிப்பிடும் கடிதத்தைக் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்ளுங்கள். சம்பளப் பாக்கியை வாங்குவதில் காட்டும் உறுதியை இந்தக் கடிதத்தை வாங்குவதிலும் காட்டுங்கள். ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டிருந்தால் அந்தப் பதிவும் நீங்கள் அங்கே பணியாற்றியதற்குச் சான்றாகும்.

பின்னோக்கி எழுதும்போது வேறொரு நன்மையும் உண்டு: மிகவும் தாமதமாகத் தெரியவரும் தேவைகள் முன்கூட்டியே தெரிந்துவிடும். டிப்ளோமா மட்டத்திலும், ‘யுனிவொடெக்’ எனப்படும் இரத்மலானைத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்திலும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. அங்கே போக விரும்புபவர் 3ஆம் மட்டத்தில் இருக்கும்போதே ஆங்கிலத்தைத் தொடங்க வேண்டும்; தம் தொழிலின் கருவிகளையும் அளவுகளையும் பாதுகாப்பு எச்சரிக்கைகளையும் ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகுவது அதற்குப் போதுமான தொடக்கம். ஆசிரியராக விரும்பிப் பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியை நோக்கும் மாணவியும் இவ்வாறே பின்னோக்கி எழுதினால், அனுமதி உயர்தரப் பெறுபேற்றைப் பொறுத்தது என்பதால், உயர்தரத்தில் எந்தப் பாடங்களை எடுப்பது என்பதே தம் முதற்படி என்பதைக் காண்பார்.

படியின் அளவைக் குடும்பத்தின் நிலையை வைத்தே தீர்மானிக்க வேண்டும். ஒரு மாதத்தில் முடிக்க முடியாதது முதற்படிக்குப் பெரிது. அதை இரண்டாகப் பிரியுங்கள். செலவு கடனில் தங்கியிருக்கக் கூடாது. தீபாவளி முற்பணத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்; அது பின்னர் சம்பளத்தில் கழிக்கப்படுவதால், பயிற்சிக்குப் போகும் மாதங்களிலேயே வீட்டில் நெருக்கடி ஏற்படும். பஸ் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், படம் எடுக்கும் செலவு ஆகியவற்றுக்கான சிறு தொகையைச் சீட்டுப் பணத்திலிருந்தோ கைக்காசிலிருந்தோ முன்கூட்டியே ஒதுக்கி, பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை, மாலை வகுப்பு முடிந்து தோட்டத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் தங்குமிட வசதியையும் சேர்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றுபோகும் படிப்புகள் பலவற்றுக்கு இந்தச் சாதாரண விடயங்களே காரணமாக இருந்திருக்கின்றன.

லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னாலுள்ள நிலத்தில் மரக்கறி வியாபாரத்தைத் தொடங்க விரும்பும் குடும்பத்துக்கும் இதே முறை பொருந்தும். முதற்போகத்தில் நிலம் முழுவதும் உருளைக்கிழங்கு போடாமல், ஓரிரு பாத்திகளில் கரட்டும் சலாதும் போட்டு, விதை, உரம், கூலி, விற்ற விலை அனைத்தையும் எழுதி வையுங்கள். கிடைத்த இலாபம் சிறிதாக இருந்தாலும், அந்தக் கணக்குக் கொப்பியும் நேரடியாக வாங்கிக்கொள்ளும் ஒரு வியாபாரியின் பழக்கமும் அடுத்த போகத்துக்குக் கைகொடுக்கும். காணி உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பத்துக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். ஆகவே எழுதப்பட்ட கணக்கு நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

ஒரு படியில் தடுக்கி விழுந்தால் இலக்கை மாற்ற அவசரப்படாமல் படியைச் சிறிதாக்குங்கள். தகைமை மதிப்பீட்டில் முழுமையாகத் தேறாவிட்டால், தேறிய அலகுகள் எவை என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்று, எஞ்சியவற்றை மட்டும் பயின்று மீண்டும் முன்வரலாம்.

எல்லாப் பத்திரங்களையும் ஒரே கோப்பில், பிரதிகளுடன், நீர் படாத உறையில் வையுங்கள். லயக் கூரையின் ஒழுக்கு எந்த மழையில் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து நம்பிக்கையான ஓர் உறவினரின் கைப்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள். மூத்த பிள்ளை 4ஆம் மட்டத்துக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் இளைய பிள்ளைக்கு 15 வயது நெருங்கியிருந்தால், அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பெயரைச் சரிபார்த்து, அவருக்கென்று தனிக் கோப்பொன்றைத் தொடங்குங்கள்.