பார்சிலோனாவில் கூட்டத்துக்கு நடுவே ஓர் அமைதியான முற்றம்

பார்சிலோனா கதீட்ரல் வாசலில் எப்போதும் திருவிழாக் கூட்டம்தான். அங்கிருந்து சில நிமிட நடையில் சான்ட் ஃபெலிப் நெரி என்ற சின்ன சதுக்கம் இருக்கிறது. பலர் பக்கத்துத் தெரு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

வழி சுலபம். கதீட்ரல் இடப்பக்கம் இருக்கும்படி பிஸ்பே தெருவில் நுழையுங்கள். வலப்பக்கம் ஒரு சிறு திறந்த வெளி வரும். அதன் மூலையிலிருந்து போகும் குறுகிய சந்துதான் உங்களுக்கு வேண்டியது. அது சதுக்கத்தில் போய் முடியும். நடுவில் எண்கோணத் தொட்டியோடு ஒரு நீரூற்று, மரநிழல், தண்ணீர்ச் சத்தம், அவ்வளவுதான்.

உட்காரும் முன், சதுக்கத்தில் இருக்கும் சான்ட் ஃபெலிப் நெரி தேவாலயத்தின் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு அம்மைத் தழும்பு போலக் கல் பெயர்ந்த குழிகள். 1938 ஜனவரி 30 அன்று, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் விமானங்கள் வீசிய குண்டுகளின் வடு அது. 42 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். துப்பாக்கிச் சூட்டில் ஏற்பட்ட துளைகள் என்று யாராவது கதை சொன்னால் நம்ப வேண்டாம். 1926இல் சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கௌடி டிராம் மோதி விழுந்ததும் இந்தத் தேவாலயத்துக்கு நடந்து வரும் வழியில்தான்.

காலையில் சீக்கிரம் போவது நல்லது. சதுக்கத்தை ஒட்டிப் பள்ளி இருக்கிறது. இடைவேளையில் பிள்ளைகள் இங்கேதான் விளையாடுவார்கள். எனக்கு அந்த இரைச்சலும் பிடிக்கும். ஆனால் அப்போது கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். அப்புறம், சுற்றுலாக் குழு ஏதாவது வந்தால் பத்து நிமிடம் பொறுங்கள், போய்விடுவார்கள்.