புரோகிராமுக்குத் தன் விலாசம் தெரிய வேண்டும்

செங்கலடியில் ஒரு நெல் கடைக்கு எடைக் கணக்குப் பார்க்க பைதானில் சின்னப் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். என் மேசையில் நன்றாகத்தான் ஓடியது. பெரும்போக அறுவடை தொடங்கியதும், காலையில் தானாக ஓடட்டும் என்று விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் முதலாளி போனில், “தம்பி, விலைக் கோப்பைக் காணல்ல எண்டு சொல்லுது.”

கோப்பு புரோகிராமுக்குப் பக்கத்திலேயே இருந்தது. புரோகிராம்தான் விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32இல் நின்று தேடிக்கொண்டிருந்தது. ஷெடியூலரில் ‘ஸ்டார்ட் இன்’ பெட்டியைக் காலியாக விட்டால் அப்படித்தான்.

முதலில் இந்தப் பிழையை நீங்களே உண்டாக்கிப் பாருங்கள். ‘கடை’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘நெல்’ என்று ஒரு பைதான் கோப்பு. அதில் ஓஎஸ் மொட்யூலின் கெட்சிடபிள்யூடி தருவதையும், சிஸ் மொட்யூலின் ஆர்க்வி பட்டியலில் முதலாவதையும் பிரிண்ட் செய்யுங்கள். ஒருமுறை ஃபோல்டருக்குள் இருந்தும், ஒருமுறை வெளியே வந்தும் ஓட்டுங்கள். இரண்டு விடையும் மாறும். முன்னது நீங்கள் நிற்கும் இடம். பின்னது நீங்கள் கூப்பிட்ட பெயர். கூப்பிட்ட பெயரை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. சி மொழியிலும் இதே கதைதான், கூப்பிடுகிறவர் அங்கே எந்தப் பெயரையும் போடலாம்.

சரி, இனித் திருத்தம். பைதானோடு வரும் பாத்லிப் மொட்யூலிலிருந்து பாத்தை இம்போர்ட் செய்யுங்கள். ‘ஃபைல்’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர் போட்டு அதைப் பாத்துக்குக் கொடுங்கள். அதில் ரிசால்வைக் கூப்பிட்டால் கோப்பின் முழு விலாசம், அப்புறம் பேரன்ட் கேட்டால் அது இருக்கும் ஃபோல்டர். கிடைப்பதுதான் புரோகிராம் குடியிருக்கும் ஃபோல்டர். விலைக் கோப்பின் பெயரை அதோடு ஒட்டித் திறங்கள். இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள், 3.9க்கு முந்திய பைதானில் ‘ஃபைல்’ தரும் விலாசம் முழுமையாக இல்லாமலும் வரலாம், நடுவில் நிற்கும் ஃபோல்டர் மாறினால் குழம்பிவிடும்.

சி எழுதுகிறவர்கள் லினக்ஸில் ப்ராக் ஃபோல்டருக்குள் செல்ஃப், அதற்குள் எக்ஸி என்ற இணைப்பை ரீட்லிங்க்கால் படித்துப் புரோகிராமின் விலாசத்தைப் பெறலாம். ரீட்லிங்க் கடைசியில், சொல் முடிந்தது என்று சி மொழிக்குக் காட்டும் பூச்சிய எழுத்தைப் போடாது, நீங்கள்தான் போட வேண்டும். விண்டோஸில் அதே வேலைக்குக் கெட்மொட்யூல்ஃபைல்நேம், அதில் டபிள்யூ என்று முடிவதையே எடுங்கள், ஏ என்று முடிவதில் ‘கடை’ வெறும் கேள்விக்குறிகளாகிவிடும்.

பைதான் புரோகிராமைத் தனியே ஓடும் கோப்பாக்கும் பைஇன்ஸ்டாலரில் ஒற்றை எக்ஸி ஆக்கினால், மேலே பைதானுக்குச் சொன்ன ‘ஃபைல்’ முறை தற்காலிக ஃபோல்டரைக் காட்டும். புரோகிராம் மூடியதும் அது அழிந்துபோகும். முதலாளி திறந்து விலை மாற்றுகிற கோப்பை அங்கே தேடாதீர்கள். சிஸ் மொட்யூலின் எக்ஸிகியூட்டபிளைக் கேட்டு, எக்ஸிக்குப் பக்கத்தில் தேடுங்கள்.